ஸ்டெல்லேரியத்தின் புறக்கோள் செருகுநிரல்: 16 சிக்னியை வைத்து ஒரு சோதனை

வானத்தைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள்களில் ஸ்டெல்லேரியத்தை விஞ்ச ஆள் குறைவு. அதன் புறக்கோள் செருகுநிரல் (பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைக் காட்டும் துணை நிரல்) எப்படி என்று பார்க்க 16 சிக்னி நல்ல உரைகல். சூரியனைப் போன்ற ஏ, பி என்ற இரண்டு விண்மீன்கள் அவை. அவற்றில் பி-யை மட்டும் ஒரு பெருங்கோள் சுற்றுகிறது. 1996இல் அறிவிக்கப்பட்டது.

எஃப்2 அழுத்திச் செருகுநிரல் பட்டியலில் எக்ஸோபிளானட்ஸைத் தேர்ந்து, தொடக்கத்திலேயே ஏற்றும்படி டிக் போடுங்கள். மூடித் திறந்தால்தான் வேலை செய்யும். "ஒன்றுமே தெரியவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிறகு கண்ட்ரோல், ஆல்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குறிகள் வரும். எஃப்3இல் எச்ஐபி 96901 (ஹிப்பார்கோஸ் விண்மீன் பட்டியலில் பி-யின் எண்) என்று தேடுங்கள். 96895 என்று போட்டால் ஏ விண்மீனில் போய் நிற்கும், அங்கே கோள் கிடையாது.

இரட்டையைக் காட்டுவதில் குறையே இல்லை. கோண அளவுச் செருகுநிரலை ஏற்றி, ஏ-யிலிருந்து பி-க்கு இழுத்தால் 40 கோண விநாடிக்குச் சற்றுக் குறைவாக வரும் (3600 கோண விநாடி ஒரு பாகை).

கோள் விஷயத்தில்தான் இடிக்கிறது. குறி விண்மீனின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் சுற்றுப்பாதை தெரியாது. அட்டவணையைப் படித்து நாமேதான் கணக்குப் போட வேண்டும். சுற்றுக்காலம் சுமார் 799 நாள், சராசரித் தூரம் 1.68 வானியல் அலகு (பூமி–சூரியன் தூரம் ஒரு அலகு), மையப்பிறழ்ச்சி, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு, சுமார் 0.68. அதாவது கோள் 0.54 அலகுவரை நெருங்கி, 2.8 அலகுவரை விலகிப் போகிறது. நம் சூரியக் குடும்பமாக இருந்தால் வெள்ளிக்கு உள்ளேயும் செவ்வாய்க்கு வெளியேயும்! ஏ-யின் ஈர்ப்புதான் பாதையை இப்படி நீட்டிவிட்டது என்பது 1997இல் வந்த விளக்கம். நிறை சுமார் 1.7 வியாழன் என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இது ஆரவேக முறையில், அதாவது கோளின் இழுப்பால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் ஆடுவதை அளந்து கண்டது, பாதையின் சாய்வு தெரியாமல் கிடைப்பது குறைந்தபட்ச நிறைதான். இவ்வளவு நீண்ட பாதையை ஒரு கோடாகக்கூட வரைந்து காட்டாதது பெரிய குறை.

தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் கண்ணருகு வில்லை வழியே தெரியும் காட்சியைக் காட்டும் ஆக்குலர்ஸ் செருகுநிரலையும் ஏற்றிக்கொள்ளலாம். 900 மி.மீ. குவியத்தூரத்துக்கு 25 மி.மீ. கண்ணருகு வில்லை கொடுத்தால் 36 மடங்கு. இரண்டு விண்மீனும் தெளிவாகப் பிரியும், அரைப் பாகை கிழக்கே என்ஜிசி 6826 நெபுலாவும் அதே வட்டத்துக்குள் வரும். கண்ணாடித் தொலைநோக்கியான நியூட்டோனியனுக்கு இடவலம், மேல்கீழ் என்ற இரண்டு புரட்டல்களையும், 90 பாகை மூலைக்கண்ணாடி போட்ட ஒளிவிலகல் வகைக்கு இடவலப் புரட்டலை மட்டும் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் நெபுலாவை எதிர்ப்பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.