வவுனிக்குளத்தில் ஒரு காற்றுக் கயாக்

ஒன்லைனில் 38,500 ரூபாவுக்கு எடுத்த, இரண்டு பேர் இருக்கக்கூடிய, காற்றடைக்கிற கயாக், அதாவது துடுப்பு வலித்து ஓட்டுகிற ஒடுங்கின வள்ளம் இது. கடையின் பெயரை எழுதவில்லை, பிழையில் பாதி என்னுடையது. ஜேர்மனியில் இருக்கிற மாமா ஒரு இரவு முழுக்க கயாக் வீராங்கனை பிர்கிட் பிஷரைப் பற்றியே கதைத்தார், மூன்றாம் நாள் நான் ஓடர் போட்டுவிட்டேன்.

அந்த மனுசியின் கதை அப்படி. 1962இல் பிறந்தவர், ஹாவெல் ஆற்றோரம் இருக்கிற பிராண்டன்பேர்க் சொந்த ஊர். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில், 18 வயதில், கிழக்கு ஜேர்மனிக்காக ஒற்றைக் கயாக் 500 மீற்றரில் தங்கம். 1984இல் அவருடைய நாடு லொஸ் ஏஞ்சல்ஸைப் புறக்கணித்ததால் ஒரு ஒலிம்பிக் சும்மா கைவிட்டுப் போனது. 1988 சியோலில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. பிறகு அந்த நாடே இல்லாமல் போய்விட, 1992 பார்சலோனாவுக்கு ஒன்றுபட்ட ஜேர்மனியின் கொடியோடு வந்து திரும்பவும் ஒற்றைக் கயாக்கில் தங்கம் எடுத்தார். இடையில் இரண்டு பிள்ளைகள் வேறு. 2000 சிட்னியோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, 2004 ஏதென்ஸில் 42 வயதில் நால்வர் கயாக்கில் இன்னொரு தங்கம். மொத்தம் எட்டுத் தங்கம், நாலு வெள்ளி. இதைக் கேட்டுவிட்டு ஆர்தான் சும்மா இருப்பார்கள்?

சரி, சாமானுக்கு வருவம். துணி நல்ல தடிப்பு, மூன்று காற்றறை, ஒரு பம்பு, இரண்டு பக்கமும் அலகு வைத்த துடுப்பு இரண்டு. காற்றடிக்கப் பத்து நிமிடம். மிதப்பதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன், நானும் மச்சானும் சேர்ந்து 150 கிலோ வருவோம், அசையவில்லை. நேராகப் போகச் சொன்னால்தான் போகாது. வலப்பக்கம் வலித்தால் மூக்கு இடப்பக்கம் ஓடுகிறது, இடப்பக்கம் வலித்தால் மற்றப் பக்கம், சோளகம் அடிக்கிற நேரமென்றால் துடுப்பே தேவையில்லை, காற்றே கொண்டுபோய் அலைகரைப் பற்றைக்குள் சொருகிவிடும். நேராக ஓட அடியில் பூட்டுகிற பிளாஸ்ரிக் செட்டை படத்தில் இருந்தது, பெட்டிக்குள் இல்லை. மூன்று தரம் கோல் எடுத்தேன். "அனுப்புறம்" என்றார்கள்.

செட்டை வந்தாலும் ஒன்று திருந்தாது. போட்டியில் ஓடுகிற ஒற்றைக் கயாக் 5.2 மீற்றர் நீளம், 12 கிலோதான் பாரம், உள்ளே காலை முட்டுக்கொடுக்க இறுக்கமான ஒரு பலகை இருக்கும். வலப்பக்கம் வலிக்கும்போது வலக்காலால் அதை உதைத்து இடுப்பைத் திருப்ப வேண்டும், பலம் காலிலிருந்துதான் வருகிறது. இதில் காலுக்கு முன்னால் இருப்பது மெத்தென்ற காற்றுச் சுவர். உதைத்தால் உதை அதற்குள்ளேயே அமுங்கிப்போகிறது, மிச்சம் எல்லாம் தோள்மூட்டின் தலையில். அடுத்த நாள் சேட் போடக் கை எழும்பவில்லை.

மோட்டார்சைக்கிள் மீற்றரில் குளக்கட்டு வழியே அரைக் கிலோமீற்றர் அளந்து, மச்சானைக் கட்டில் நிற்கவிட்டு ரைமும் பார்த்தேன். பிஷர் மொஸ்கோவில் அதே தூரத்தை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தவர். எனக்குப் பதினொரு நிமிடம். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வள்ளமோ, லொறி ரியூப்போ?" என்று கேட்டார்.

உயிர்காப்பு அங்கி இதோடு வராது, தனியாக வாங்குங்கள். முதலை இருக்கிற குளங்களில் பற்றைப் பக்கம் போகவே வேண்டாம், பொழுதுபட்டால் தண்ணீரிலேயே இறக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இருந்து கதைக்க, கச்சான் கொறிக்க, அருமையான சாமான். ஆருக்காவது வேண்டுமென்றால் 25,000க்குத் தருவேன், பம்போடு. செட்டை வந்தால் அதையும் தருவேன்.