பிஎல்சி அருமை, பாஸ்வேர்டுதான் நம்மிடம் இல்லை

பெருந்துறையில் டையிங் (சாய ஆலை) வைத்திருக்கும் நண்பர் கேட்டிருந்தார்: "இடிபிக்குப் புதுசா கன்ட்ரோல் பேனல் போடறோம். பிஎல்சியும் ஸ்காடாவும் போதுமா, இல்லை டிசிஎஸ்ஸுக்கே போயிரலாமா?" இடிபி என்றால் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பிஎல்சி அங்கே பம்ப்பையும் வால்வையும் புரோகிராம்படி ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர், ஸ்காடா அதைத் திரையில் கண்காணிக்கும் ஏற்பாடு, டிசிஎஸ் பெரிய ஆலை முழுவதையும் பல கன்ட்ரோலர்களால் நடத்தும் அமைப்பு. நான் திருப்பூரில் ஒரு டையிங்கின் சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்பு பார்க்கிறேன். பிஎல்சி பேனலோடுதான் தினமும் பிழைப்பு. போன வாரம் எங்கள் ஆர்ஓ (கழிவுநீரை அழுத்தத்தோடு மெம்பிரேன் வழியாகத் தள்ளி வடிகட்டும் பகுதி) பட்ட பாட்டின் சூடு ஆறுவதற்குள் பதில் எழுதிவிடுகிறேன்.

டிசிஎஸ் வேண்டாம். 1975-ல் ஹனிவெல்லும் யோகோகாவாவும் அதைக் கொண்டுவந்தபோதே அது எண்ணெய், ரசாயன ஆலைகளுக்கானது. நூற்றுக்கணக்கான லூப்கள் (அளந்து பார்த்துத் தானே சரிசெய்யும் சுற்றுகள்) இராப்பகலாக ஓட வேண்டும். ஒரு கன்ட்ரோலர் படுத்தால் பக்கத்தில் தயாராக இருப்பது அந்தக் கணமே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். மணலி சுத்திகரிப்பு ஆலை, நெய்வேலி அனல்மின் நிலையம் போன்ற இடங்களுக்கு அது தேவை. ஸ்காடா வேறு ரகம். பல நூறு கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு வந்தது அது. பெங்களூரில் இருக்கும் தென்மண்டல மின்பகிர்வுக் கட்டுப்பாட்டு மையம் துணைமின் நிலையங்களிலிருந்து அளவுகளை அனுப்பும் ஆர்டியூ பெட்டிகள் வழியாகத் தென்னிந்திய கிரிட்டைக் கவனிப்பது அசல் ஸ்காடா. எங்களிடம் இருப்பது ஒரே காம்பவுண்டுக்குள் ஒரு பிஎல்சி, பேனல் கதவில் ஒரு தொடுதிரை, ஏசி ரூமில் ஸ்காடா ஓடும் ஒரு கம்ப்யூட்டர். டையிங் இடிபிக்கு இது தாராளம்.

இந்த பிஎல்சியைப் பற்றி நல்லது சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். அமில வாடை, ஈரம், மின்வெட்டு, ஜெனரேட்டர் மாற்றம் எல்லாவற்றையும் தாங்கி ஓடுகிறது. நான் பார்க்க அது ஒரு நாளும் ஹேங் ஆனதில்லை. இன்புட் எல்லாவற்றையும் படிக்கிறது, புரோகிராமை மேலிருந்து கீழாக ஓட்டுகிறது, அவுட்புட்டை எழுதுகிறது. சில மில்லி நொடிக்குள் ஒரு சுற்று. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பிஎல்சிக்கு முன்பு, ரிலே என்னும் மின்காந்த சுவிட்சுகளை ஒயரால் கோத்த ரிலே பேனல் காலத்தில் ஒரு காயில் எரிந்தால் அது எது என்று கண்டுபிடிக்கவே ஒரு ஷிப்ட் போகும்.

நான் எதிர்பாராமல் ரசிப்பது இன்புட் கார்டில் வரிசையாக இருக்கும் பச்சை எல்இடிகளை. நடுராத்திரி போன் வரும், "பம்ப் ஸ்டார்ட் ஆகலீங்கண்ணா" என்று. "பேனலைத் திற, ரெண்டாவது கார்டு, அஞ்சாவது லைட் எரியுதா?" என்று கேட்பேன். எரியவில்லை என்றால் கோளாறு வெளியே: லெவல் சுவிட்ச், ஒயர் அல்லது 24 வோல்ட் சப்ளை. எரிந்தால் அவுட்புட் பக்கம் போக வேண்டும்: ரிலே, கான்டாக்டர், ஓவர்லோடு. பாதி நோயைப் படுக்கையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

அனலாக் பக்கமும் இப்படித்தான். ஓட்டமே இல்லாதபோதும் ஃப்ளோமீட்டர் 4 மில்லி ஆம்பியர் அனுப்பிக்கொண்டே இருக்கும். 20 வந்தால் முழு அளவு. அந்த மில்லி ஆம்பியரே பூஜ்யம் ஆனால் தண்ணீர் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, ஒயர் அறுந்திருக்கிறது. இதை யோசித்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஒன்றே ஒன்று: மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டியின் பவர் கேபிளோடு சேர்த்து இந்தச் சிக்னல் கேபிளை ஒரே டிரேயில் இழுக்க விடாதீர்கள். பிஹெச் ரீடிங் ஆடிக்கொண்டே இருக்கும், டோசிங் பம்ப் அந்த ஆட்டத்தை நம்பி அமிலத்தைக் கொட்டும்.

ஸ்காடாவில் நான் விடாமல் பார்ப்பது டிரெண்ட் பக்கத்தை மட்டும்தான். மெம்பிரேனுக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசம் மெல்ல மெல்ல ஏறுவது கோடாகத் தெரியும். அதைப் பார்த்து நேரத்தில் கெமிக்கல் கிளீனிங் கொடுத்தால் மெம்பிரேன் பிழைக்கும். தொடுதிரை பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈரக் கைபட்டு மங்கும், சில வருடத்தில் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். எங்கள் பிஎல்சிக்குள் இருக்கும் புரோகிராமைத் திறக்க எங்களால் முடியாது. பேனல்காரர் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறார். நான் சேர்வதற்கு முன்பே வாங்கிய பேனல். முழுப்பணம் கொடுத்தாகிவிட்டது, உள்ளே இருக்கும் லாஜிக் மட்டும் இன்னும் அவருடையது. வீட்டை வாங்கிய பிறகும் சாவி மேஸ்திரியிடமே இருப்பது மாதிரி.

போன வாரம் நடந்தது இது. ஆர்ஓவுக்கு முன்னால் இருக்கும் சாண்ட் ஃபில்டரில் பழைய வால்வுகளை மாற்றினோம். புதியவை கொஞ்சம் மெதுவாகத் திறப்பவை. ஒரு ஃபில்டரிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது சில நொடி அழுத்தம் இறங்கித்தான் ஏறும். அந்த இறக்கத்தை லோ பிரஷர் சுவிட்ச் பார்த்துவிடுகிறது, 2 நொடிக்கு மேல் நீடித்தால் ஹை பிரஷர் பம்ப் டிரிப், அதாவது தானாக நின்றுவிடும். அந்த 2 நொடியை 5 ஆக்கினால் தீர்ந்தது. ஆனால் அந்த எண் தொடுதிரையில் இல்லை, புரோகிராமுக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிரிப், ரீசெட், ஃப்ளஷிங். உற்பத்தி குறைந்தது, கலெக்ஷன் டேங்க் ஏறிக்கொண்டே வந்தது. வேறு ஊரில் என்றால் இது ஒரு சின்னத் தொல்லையாகப் போயிருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன திருப்பூரில் அப்படி இல்லை. இங்கே ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகக் கூடாது, ஆர்ஓ நின்றால் சாயம் போடுவதும் நிற்க வேண்டும். சாயம் போட மெஷினில் ஏற்றத் தயாராக இருந்த துணி லாட்டை நிறுத்தி வைத்தார்கள். ஆபரேட்டர் பையன் வந்து கேட்டான், "பிரஷர் சுவிட்சை ஷார்ட் பண்ணி ஓட்டிரலாங்களாண்ணா?" கூடாது என்றேன். அந்த சுவிட்ச் இல்லாவிட்டால் பம்ப் தண்ணீர் இல்லாமல் ஓடி சீல் போகும், செலவு லட்சத்தில் நிற்கும்.

பேனல்காரருக்கு போன் போட்டால் "சைட்ல இருக்கேன்" என்றார். வாரக் கடைசியில்தான் வந்தார். லேப்டாப்பை மாட்டினார், பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையைத் திருப்பிக்கொண்டார். அந்த லேடர் (ஏணிப் படப் புரோகிராம்) வரியை நான் எட்டிப் பார்த்தேன். 100 மில்லி நொடி டைமர், எதிரே 20 என்று இருந்தது, அதாவது 2 நொடி. அதை அழித்து 50 என்று அடித்தார், எழுதினார், மூடினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. விசிட் சார்ஜ் பில் மாலையே வந்தது.

பிஎல்சி எதற்காகப் பிறந்தது என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் கூடுகிறது. 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே பேனல்களைப் பிரித்து ஒயரிங்கை மாற்றி மாற்றி அலுத்துப்போய், ஆலையிலேயே சுலபமாகத் திரும்பப் புரோகிராம் செய்யக்கூடிய ஒன்று வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லியின் குழு மோடிகான் 084-ஐக் கொண்டுவந்தது அதற்காகத்தான். புரோகிராமை ஏணிப் படமாக வரைவதும் அதற்காகத்தான்: ரிலே சர்க்யூட் படிக்கத் தெரிந்த ஆலை எலெக்ட்ரீஷியன் பார்த்த உடனே புரிந்துகொண்டு தானே மாற்ற வேண்டும். அந்த எலெக்ட்ரீஷியன் நான். எனக்குத்தான் பூட்டு.

பேனல்காரர் பக்கத்து நியாயமும் இருக்கிறது. அவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதை யாரோ நகலெடுத்து இன்னொரு யூனிட்டுக்குக் குறைந்த விலையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. அவருடைய சொந்த வித்தை இருக்கும் ஃபங்ஷன் பிளாக்கை (புரோகிராமின் தனித் துண்டை) மட்டும் பூட்டலாம். டிரிப் டைமரிலும், ஆபத்தான நிலையில் ஓட விடாமல் தடுக்கும் இன்டர்லாக்கிலும் என்ன வித்தை?

பாதுகாப்புக்காகப் பூட்டினேன் என்றும் சொன்னார். ஏற்க மாட்டேன். 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நடான்ஸ் அணு ஆலையில் பிஎல்சிக்குள் புகுந்து சென்ட்ரிஃப்யூஜ்களின் வேகத்தைக் கண்டபடி மாற்றிக்கொண்டே ஆபரேட்டர் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது. பென்டிரைவ் வழியாகப் பரவக்கூடிய வைரஸ் அது. எங்கள் ஸ்காடா கம்ப்யூட்டரோ 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுபோன விண்டோஸ் 7-ல் ஓடுகிறது, யுஎஸ்பி போர்ட் எல்லாம் திறந்தபடியே கொடுத்தார்கள். நான்தான் அடைத்தேன். பாதுகாப்பில் அக்கறை இருந்தால் அங்கே தொடங்கியிருக்க வேண்டும். பிஎல்சிக்கு எழுதுவதைத் தடுக்கத் தனிப் பாஸ்வேர்டு வைக்கலாம், சாவி சுவிட்சை ரன் நிலையில் வைத்துப் பூட்டலாம். உரிமையாளர் படிப்பதைத் தடுப்பதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

ராத்திரி தூக்கம் கெடுக்கும் விஷயம் இன்னொன்று. எங்களுடையது பேட்டரி பலத்தில் புரோகிராமை நினைவில் வைத்திருக்கும் பழைய மாடல். பேட்டரி தீர்ந்த நேரத்தில் கரண்டும் போனால் புரோகிராம் போய்விடும். எங்களிடம் நகல் இல்லை. அந்த பேட்டரி விளக்கை நான் தினமும் பார்க்கிறேன்.

ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால், மேலே எழுதியதை வைத்து நாலரை வர வேண்டும். நான் இரண்டுதான் போடுவேன். புதிதாக வரும் எவாப்பரேட்டருக்கு (கழிவுநீரை ஆவியாக்கும் பகுதி) பிஎல்சியே வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு லூப்பை மட்டும் பார்க்கும் தனித்தனி பிஐடி கன்ட்ரோலர்கள் போதும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அதில் செட் பாயிண்ட்டை (வேண்டிய அளவை) நானே விரலால் மாற்றிக்கொள்வேன், யாரையும் கூப்பிட வேண்டாம்.

நண்பருக்கு: நீங்கள் பிஎல்சி போடுவதானால் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். விளக்கக் குறிப்புகளோடு புரோகிராம் சோர்ஸ் ஃபைல், தொடுதிரை ஃபைல், ஸ்காடா பேக்கப், எல்லாப் பாஸ்வேர்டும். டிரிப் டைமர்கள் அத்தனையும் தொடுதிரையில் தனிப் பக்கமாக வர வேண்டும். கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள், உங்கள் எலெக்ட்ரீஷியன் தன் லேப்டாப்பில் அந்த ஃபைலைத் திறந்து ஆன்லைனில், அதாவது ஓடும் பிஎல்சியோடு இணைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.