எம்எல்ஏவின் தேர்தல் வரலாறு தேட நான்கு தளங்கள்: எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

ஒரு எம்எல்ஏ எத்தனை முறை நின்றார், எதில் வென்றார், எவ்வளவு வாக்கில் தோற்றார்? இந்தச் சாதாரணக் கேள்விக்கு விடை தேட இலவசமாகவே நான்கு இடங்கள் இருக்கின்றன. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள், அசோகா பல்கலைக்கழகத்தின் லோக் டாபா, ஏடிஆர் (ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்) அமைப்பின் மைநேதா, தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் உள்ள பூத் வாரி முடிவுத்தாளான படிவம் 20. நான்குமே உருப்படியானவைதான். ஆனால் எதை எதற்குத் திறக்க வேண்டும் என்று தெரியாமல் இறங்கினால் தப்பான பட்டியலோடுதான் வெளியே வருவோம்.

சோதித்துப் பார்க்கத் தோதான பெயர் வி. செந்தில் பாலாஜி. 2006, 2011 இரண்டிலும் கரூரில் அதிமுக வேட்பாளராக வென்றார். 2016இல் அரவக்குறிச்சிக்கு மாறினார். பணப் பட்டுவாடா புகாரால் அங்கேயும் தஞ்சாவூரிலும் தேர்தல் தள்ளிப்போனது. அந்த மே மாதம் முடிவு வந்தது 232 தொகுதிகளுக்குத்தான். அரவக்குறிச்சியில் வாக்குப்பதிவு நடந்தது நவம்பர் 19. அதில் வென்றவர், 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்த 18 பேரில் ஒருவரானார். 2019 மே இடைத்தேர்தலில் அதே அரவக்குறிச்சியில் திமுக சார்பில் வெற்றி, 2021இல் மீண்டும் கரூர். ஆக 2006 முதல் 2021 வரை ஐந்து வெற்றி. பொதுத்தேர்தல் முடிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணுபவர் கையில் மூன்றுதான் இருக்கும். எந்தத் தளமாக இருந்தாலும் முதலில் இந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். எத்தனை காட்டுகிறது என்பதிலேயே அதன் லட்சணம் தெரிந்துவிடும்.

முதலில் ஆணையத்தின் அறிக்கைகள். 1951-52இல் தொடங்கி ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் ஒன்று உண்டு. நம்பகத்தன்மையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பலர் நேராக 'விரிவான முடிவுகள்' பகுதிக்குப் போய் வாக்குகளைக் கழித்துப் பார்க்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. அதற்கு முன்னாலேயே தொகுதிக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் ஒரு சுருக்கம் இருக்கும். மனு செய்தவர், தள்ளுபடியானவர், விலகியவர், நின்றவர், டெபாசிட் இழந்தவர் எத்தனை பேர், மொத்த வாக்காளர், செல்லாத வாக்கு, வென்றவர், இரண்டாம் இடம், வாக்கு வித்தியாசம் எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் கிடைக்கும். காட்பாடியில் 2021இல் துரைமுருகன் வென்றது வெறும் 746 வாக்கில் என்பதை அறிய இந்த ஒரு பக்கம் போதும்.

அறிக்கையின் குறைகள் வேறு ரகம். முழுக்க ஆங்கிலம். எழுத்துக்கூட்டல் தேர்தலுக்குத் தேர்தல் மாறும்; இனிஷியல் ஒருமுறை முன்னால் வரும், மறுமுறை பின்னால் போகும். கட்சியின் சுருக்கக் குறியீடும் நிலையானதல்ல: அதிமுக பழைய அறிக்கைகளில் 'ஏடிகே', பிறகு 'ஏடிஎம்கே'. 1989இல் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்ததால் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. எடப்பாடி பழனிசாமியின் முதல் வெற்றி அந்தச் சேவல் சின்னத்தில் வந்தது. அவரை 'அதிமுக' என்று வடிகட்டித் தேடினால் கணக்கு 1991இலிருந்துதான் தொடங்கும்.

தொகுதியைப் பிடித்துக்கொண்டு தேடுவதும் ஆபத்து. துரைமுருகனைக் காட்பாடியில் மட்டும் தேடினால் 1977, 1980 இரண்டு வெற்றிகளும் கைநழுவும். அவை ராணிப்பேட்டையில் வந்தவை. தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த 2008 மறுவரையறை இன்னொரு கத்தரி. ஓ. பன்னீர்செல்வம் 2001, 2006இல் பெரியகுளத்தில் வென்றவர், 2011இலிருந்து போடிநாயக்கனூர். 'பாதுகாப்பான இடம் தேடி ஓடினார்' என்று எழுதுபவர்கள் பெரியகுளம் மறுவரையறையில் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியானதைப் பார்ப்பதே இல்லை. சேப்பாக்கம் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து ஒரே தொகுதியானது. கொளத்தூர் புதிதாக வந்தது. பெயர் அப்படியே நீடித்த இடங்களில்கூட எல்லை மாறியிருக்கும். எனவே 2006 வாக்கு வித்தியாசத்தையும் 2011 வித்தியாசத்தையும் பக்கத்தில் வைத்து 'செல்வாக்கு சரிந்தது' என்று சொல்வதற்கு முன் எந்தெந்தப் பகுதிகள் உள்ளே வந்தன, வெளியே போயின என்று மறுவரையறை ஆணையைப் பாருங்கள்.

1952, 1957 அறிக்கைகளுக்குத் தனி எச்சரிக்கை. அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1957இல் 167 தொகுதிகளுக்கு 205 உறுப்பினர்கள். அந்தத் தொகுதிகளில் வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. அங்கே ஒருவர் வாங்கிய சதவீதத்தை 1962க்குப் பிந்தைய சதவீதத்தோடு ஒப்பிட்டு எழுதுவது அர்த்தமற்ற வேலை.

டெபாசிட் கணக்கிலும் அடிக்கடி வழுக்குகிறார்கள். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் பணம் திரும்பும். இதில் நோட்டா சேராது. தொகுதியில் செல்லத்தக்க வாக்கு 1,80,000, நோட்டா 2,000 என்று வைத்துக்கொள்வோம். 30,001 வாங்கியவர் தப்பிப்பார். சரியாக 30,000 வாங்கியவருக்குக் காலி. நோட்டாவையும் கூட்டி 1,82,000ஐ ஆறால் வகுத்தால் எல்லை 30,333 என்று வந்து, பிழைத்தவரையும் 'டெபாசிட் இழந்தார்' என்று எழுதிவிடுவோம். 1996 மொடக்குறிச்சி முடிவைத் திறந்து பாருங்கள்: 1,033 வேட்பாளர்கள், புத்தகம் போல அச்சான வாக்குச்சீட்டு. டெபாசிட் தொகையை அதே ஆண்டு உயர்த்தியது ஏன் என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

அடுத்து லோக் டாபா. அசோகா பல்கலைக்கழகத்தில் உள்ள திரிவேதி அரசியல் தரவு மையத்தின் இந்தத் தொகுப்பு ஆணையத்தின் அறிக்கைகளையே மூலமாகக் கொண்டது. ஆனால் அறிக்கை செய்யாத ஒன்றை இது செய்கிறது: எழுத்துக்கூட்டல் மாறினாலும் ஒரே ஆளுக்கு ஒரே அடையாள எண். தமிழ்நாட்டுக்கான சிஎஸ்வி கோப்பை இறக்கி எக்செல்லில் திறந்து, அந்த எண்ணை வைத்து வடிகட்டினால் பல தேர்தல்கள் வரிசையாக வந்து நிற்கும். தேர்தல் எண் என்ற பத்தியில் 0 இருந்தால் பொதுத்தேர்தல், 1 அல்லது அதற்கு மேல் என்றால் இடைத்தேர்தல். கட்சி மாறியவர், மறுபடி நின்றவர், டெபாசிட் போனவர் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு. தேடுபவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதில் நான்கில் இதுதான் முதலிடம்.

குறை என்ன? தரவு 1960களின் தொடக்கத்திலிருந்துதான். கருணாநிதியின் 13 வெற்றிகளில் 1957 குளித்தலை இதில் கிடைக்காது. ஆணையத்தின் பழைய அறிக்கைக்குத்தான் போக வேண்டும். அடையாள எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நம்மூரில் ஒரே பெயர், ஒரே இனிஷியல், அடுத்தடுத்த தொகுதி என்பது சர்வசாதாரணம். போதாக்குறைக்கு வேண்டுமென்றே நிறுத்தப்படும் பெயர்க்காரர்கள் வேறு. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று தோற்றபோது அதே பெயரில் வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். சின்னத்தைச் சரிபார்க்காமல் வரியை எடுக்காதீர்கள். மக்களவைத் தரவு தனிக் கோப்பு என்பதையும் மறந்துவிடக்கூடாது. சட்டமன்றக் கோப்பில் இந்தத் தோல்வி வராது.

மைநேதாவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் தவறாகப் பயன்படுவது இதுதான். வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தின் சுருக்கம் இது. சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் படிக்கும்படி இருக்கும். மூலப் பத்திரத்தை எங்கே, எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டியாக இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். இங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டுப் போனால் சிக்கல்.

முதலாவது, அங்கே பெரிய எழுத்தில் தெரியும் சொத்து மொத்தம் வேட்பாளருடையது மட்டுமல்ல. மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்பவர்கள், இந்துக் கூட்டுக் குடும்பம் எல்லாம் சேர்ந்தது. மகளுக்குத் திருமணமாகிவிட்டால் அவர் 'சார்ந்திருப்பவர்' பட்டியலிலிருந்து வெளியேறுவார். குடும்பச் சொத்து குறைந்ததுபோலத் தோன்றும். இரண்டாவது, நிலத்துக்குத் தற்போதைய சந்தை மதிப்பைப் போடுவதால் ஒரு சென்ட் புதிதாக வாங்காதவருக்கும் ஐந்தாண்டில் தொகை ஏறும். பிரமாணப் பத்திரத்தில் அசையாச் சொத்துப் பகுதியில் சர்வே எண், பரப்பு, வாங்கிய தேதி, வாங்கிய விலை தனித்தனியாக இருக்கும். இரண்டு தேர்தல்களின் சர்வே எண்களை எதிரெதிரே வைத்துப் பார்த்தால் புதிதாகச் சேர்ந்தது எது, விலை ஏறியது எது என்று பிரித்துவிடலாம்.

மூன்றாவது, படிவமே மாறியிருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கும் வெளிநாட்டுச் சொத்தும் கேட்கப்படுகின்றன. 2016 பத்திரத்தில் இவை இல்லாததை 'மறைத்தார்' என்று எழுத முடியாது; அப்போது யாரும் கேட்கவில்லை.

வழக்குகளின் எண்ணிக்கை இன்னும் வழுக்கலான இடம். எதிர்க்கட்சியில் இருந்தவருக்கு மறியல், ஆர்ப்பாட்டம், அனுமதி மீறிய கூட்டம் என்று இந்திய தண்டனைச் சட்டம் 143, 188 பிரிவுகளில் வழக்குகள் குவிந்திருக்கும். 15 வழக்கு என்று காட்டும் ஒருவரிடம் ஒன்றுகூடக் கடுமையான பிரிவாக இல்லாமல் போகலாம். ஒரே ஒரு வழக்கு உள்ளவரிடம் அது ஊழல் தடுப்புச் சட்டத்தில் இருக்கலாம். எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பிரிவைப் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் 188 இருந்த இடத்தில் 223 நிற்கும். இரண்டு தேர்தல்களை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மூலப் பத்திரம் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளத்தில் இருக்கிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப், கையெழுத்தில் நிரப்பியவையும் உண்டு; சொல் தேடல் வேலை செய்யாது. ஒரே தொகுதியில் ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம் என்பதால் அதே பெயர் நான்கு முறை வரும். ஏற்கப்பட்ட மனுவோடு இணைந்த பத்திரத்தைத் திறக்க வேண்டும். கூடுதல் பத்திரம் ஏதாவது பிறகு தாக்கலாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இந்த மூன்றிலுமே தேர்தலுக்கு வெளியே நடந்தது பதிவாவதில்லை. 1991இல் துறைமுகத்தில் கருணாநிதி 890 வாக்கில் வென்றார், உடனே ராஜினாமா செய்தார், அங்கே இடைத்தேர்தல் வந்தது. வெற்றி ஒன்று, பதவிக்காலம் கிட்டத்தட்ட இல்லை. அதே தேர்தலில் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்று பர்கூரை வைத்துக்கொண்டார். 2001இல் நான்கு தொகுதிகளில் அவர் மனு தள்ளுபடியானதால் போட்டியிட்டவர் பட்டியலில் பெயரே கிடையாது. அடுத்த வெற்றி 2002 ஆண்டிப்பட்டி இடைத்தேர்தல். 1986இல் கலைக்கப்பட்ட மேலவையில் உறுப்பினராக இருந்த ஆண்டுகளும் இப்படித்தான் விடுபடும். இதற்குச் சட்டப்பேரவைத் தளத்தில் உள்ள உறுப்பினர் விவரங்களையும் அந்தந்தக் காலத்து நாளிதழ்களையும் விட்டால் வேறு வழியில்லை.

படிவம் 20 எல்லோருக்கும் வேண்டியதல்ல. பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்ற கடைசி முடிவுத்தாள் அது. 746 வாக்கில் முடிந்த தொகுதி மாதிரியான இடங்களுக்கு மட்டும் திறக்கலாம். தபால் வாக்கு பூத் வரிசையில் வராது, கடைசியில் தனி வரியாக நிற்கும். அதை விட்டுவிட்டுக் கூட்டினால் மொத்தம் உதைக்கும். பூத் எண்களும் தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியவை. சென்ற முறை 112ஆம் பூத்தில் வாங்கியதையும் இந்த முறை 112இல் வாங்கியதையும் ஒப்பிடும் முன் வாக்குச்சாவடிப் பட்டியலை எடுத்து, இரண்டும் ஒரே பள்ளிக்கூடம்தானா, அதே தெருக்கள்தானா என்று பாருங்கள்.