குஸ்கோவில் 640 டாலரை இழந்தேன்: இன்கா பாதைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இன்று காலை நான் சூரிய வாயிலைக் கடந்து, இன்காக்களின் பழைய மலை நகரமான மச்சு பிச்சுவுக்குள் நுழைந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பெரு நாட்டின் குஸ்கோ நகரத்து விடுதி அறை ஒன்றில், பிரிக்கப்படாத முதுகுப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஒரு பயண முகவர் அலுவலகத்தில் 640 அமெரிக்க டாலரை, நம் பணத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல், என் கையாலேயே எண்ணிக் கொடுத்து ஏமாந்துவிட்டேன். ஆண்டீஸ் மலைகளுக்குத் தனியாக வரத் திட்டமிடும் நம்மவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதே குழியில் விழக் கூடாது என்பதற்காக நடந்தது முழுவதையும் சொல்லி, கடைசியில் எப்படித் தப்பிக்கலாம் என்பதையும் விளக்கமாக எழுதுகிறேன்.

அந்த அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பெயர்ப் பலகையை மாற்ற அவர்களுக்கு ஒரு நாள் போதும். ஏமாற்றும் முறைதான் நமக்குத் தெரிய வேண்டும். குஸ்கோவின் பிளாசா தே ஆர்மஸ் சதுக்கத்திலிருந்து பிரியும் கல் பாவிய தெருக்களில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் சுவர் நிறைய மலைப் படங்களுமாகச் சிறிய அலுவலகங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். நான் போன இடம் அப்படிப்பட்டதல்ல.

மச்சு பிச்சுவுக்கு மலை வழியே நடந்து போகும் இன்கா பாதையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நான் வரவில்லை. நான்கு நாள் நடைக்கு ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி என்பதும், வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும் அந்தக் கணக்கிலேயே அடங்குவதால் பயணிகளுக்கு ஏறத்தாழ 200 இடமே மிஞ்சும் என்பதும் தெரியும். பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுவதும் பாதையை மூடிவிடுவதாலும், மழை ஓய்ந்த மே மாதத்துக்கு எல்லோரும் முண்டியடிப்பதாலும், பல மாதங்களுக்கு முன்பே இடங்கள் தீர்ந்துவிடும் என்றும் படித்திருந்தேன். விடுப்பு உறுதியாவதற்குத் தாமதமானதால் என்னால் முன்பதிவு செய்ய முடியவில்லை. அந்த அனுமதி தேவைப்படாத இன்னொரு மலைப் பாதையான சல்கான்தாய் வழியில் நடந்துகொள்ளலாம் என்று முடிவு செய்துதான் கடந்த செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்தின் படியேறினேன்.

குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முந்தைய நாள் வந்து இறங்கியதிலிருந்து எனக்குத் தலைவலி. அந்த நான்கு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே கோகா இலை போட்ட வெந்நீரை என் கையில் கொடுத்து, முதலில் குடி, மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். குடித்து முடித்ததும், இன்கா பாதைக்கு வெள்ளிக்கிழமை புறப்படும் குழுவில் ஒரு பயணி விலகிவிட்டதாகவும், அந்த ஒரே இடத்தை எனக்குத் தர முடியும் என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

நான் உடனே நம்பிவிடவில்லை. என்னை நம்ப வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். அனுமதிக்காகக் கடவுச்சீட்டைக் கேட்டார். நம்மில் பலருக்கும் இருப்பதுபோல் என் கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கும். அவர்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். இந்தக் காலி இடத்தால் விமான நிறுவனத்திலும் விடுதிகளிலும் எத்தனையோ முறை எரிச்சலான முகங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவோ கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல், எது உன் பெயர், எது உன் தகப்பனார் பெயர் என்று கேட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக ஒரு படிவத்தில் எழுதி, கடவுச்சீட்டு எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். இவ்வளவு கவனமாக என் பெயரை எழுதுகிறவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். அந்தப் படிவம் அந்த மேசையை விட்டு எங்கும் போகவில்லை என்பது இப்போது தெரிகிறது.

அட்டையில் கட்டினால் கூடுதல் கட்டணம் ஆகும் என்றதால் ரொக்கமாகக் கொடுத்தேன்: ஆறு நூறு டாலர் தாள்கள், இரண்டு இருபது டாலர் தாள்கள். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நூறு டாலர் தாளின் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்ததால், வங்கியில் வாங்கமாட்டார்கள் என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். நான் பைக்குள் தேடி வேறு தாள் எடுத்துக் கொடுத்தேன். என் பணத்தில் ஒரு சிறு கிழிசலைக்கூடப் பொறுக்காதவர் எனக்குத் தந்தது, கடையில் கிடைக்கும் ரசீதுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் தொகையும் தேதியும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் மட்டும்தான் இருந்தன. அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டேன். வழிகாட்டியிடம் இருக்கும், உன் பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காதே, அமிகா (தோழி), என்று என் தோளைத் தட்டி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை விடிகாலை நாலரை மணிக்கு விடுதி வாசலுக்கு வேன் வந்தது. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதே என்று நிம்மதியாக ஏறி உட்கார்ந்தேன். ஒயந்தைதாம்போ என்ற ஊரைத் தாண்டி, பிஸ்காகூச்சோ என்ற இடத்தில், ரயில் பாதையின் 82ஆவது கிலோமீட்டரில் நடை தொடங்குகிறது. அங்கே ஒரு சோதனைச் சாவடி உண்டு. ஒவ்வொருவரும் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். அதிலுள்ள பெயரும் எண்ணும் பட்டியலில் உள்ளவற்றோடு பொருந்தினால்தான் உருபாம்பா ஆற்றின் மேலுள்ள தொங்குபாலத்துக்குப் போக விடுவார்கள். எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பாலத்துக்குப் போனார்கள். என் முறை வந்ததும் அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். என் பெயரைத் தேடினார், அப்பா பெயரைத் தேடினார், எண்ணைத் தேடினார். இல்லை என்று கடவுச்சீட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

வேனில் எங்களோடு வந்த வழிகாட்டி வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஒருவரைச் சாவடி வரை ஏற்றிக்கொண்டு போகும்படி மட்டுமே தன்னிடம் சொல்லியிருந்ததாகவும், அனுமதி என் கையில் இருப்பதாக நினைத்ததாகவும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவருக்காக ஒரு குழுவே காத்திருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து போய்விட்டார். ஆற்றுக்கு இந்தப் பக்கம், தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், பன்னிரண்டு கிலோ பையோடு நான் நின்றேன். தண்டவாளத்தில் மச்சு பிச்சு போகும் ரயில் ஒன்று என்னைக் கடந்து போனது. அழுகையை அடக்க முடியவில்லை. ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வேன்காரர் இரக்கப்பட்டு ஒயந்தைதாம்போவில் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து பகிர்வு வண்டி பிடித்துப் பிற்பகலில் குஸ்கோ வந்து சேர்ந்தேன்.

நேராக அந்த அலுவலகத்துக்குத்தான் போனேன். அந்த அம்மா இல்லை. அவருடைய நாற்காலியில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். அனுமதி தரும் பண்பாட்டு அமைச்சகத்தின் கணினியில் கோளாறு, நாளைக்கு வாருங்கள் என்றான். சனிக்கிழமை போனேன். மேலாளர் லிமா போயிருக்கிறார் என்றான்; 150 டாலர் கூடுதலாகக் கட்டினால் சல்கான்தாய் வழியில் அனுப்புகிறோம் என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னான். பணத்தைத் திருப்பிக் கொடு என்று குரலை உயர்த்தியபோது அவன் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது: குடும்பப் பெயர் இல்லாத கடவுச்சீட்டை அமைச்சகம் ஏற்கவில்லை, தவறு உங்களுடையது என்றான். எந்தப் பெயரைப் பொறுமையாக எழுதி என் நம்பிக்கையை வாங்கினார்களோ, அதே பெயரின் மேல் பழியைப் போட்டார்கள்.

பெருவில் ஒவ்வொரு கடையிலும் புகார்ப் புத்தகம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். 'லிப்ரோ தே ரெக்லமாசியோனெஸ்' என்பார்கள். அதைக் கொடு என்று கேட்டதற்கு, தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றான். அந்த அலுவலகத்தின் முகவரியைக் கேட்டதற்குத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நேற்று ஞாயிறு, கதவு பூட்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் அந்த அம்மாவுக்கு அனுப்பிய பதினோரு செய்திகளில் முதல் இரண்டைப் பார்த்திருக்கிறார். மற்றவை போய்ச் சேரவே இல்லை.

இன்று காலை அரசின் ஐபெரு சுற்றுலா உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் விசாரித்துவிட்டு, என் கடவுச்சீட்டு எண்ணில் எந்த அனுமதிக்கும் விண்ணப்பமே வரவில்லை என்றார். விலகியவரின் இடம் என்ற பேச்சே பொய் என்பதையும் அவர்தான் சொன்னார்: ஒருவர் பெயரில் எடுத்த அனுமதியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. இந்த ஒரு விதி செவ்வாய்க்கிழமை தெரிந்திருந்தால் கோகா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருப்பேன். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்கியிருக்கிறேன். ரொக்கம் என்பதாலும், ரசீதில் நிறுவனத்தின் வரி எண் இல்லை என்பதாலும், பணம் கொடுத்ததை நிரூபிப்பதே கடினம் என்றார்கள். 640 டாலர். எட்டு மாதம் சீட்டுக் கட்டி எடுத்த பணம் அது.

விளக்கமாக எழுதுகிறேன் என்று மேலே சொல்லியிருந்தேன். அடுத்து நான் போகும் புனோ நகரத்துக்குப் பேருந்து இரவு பத்து மணிக்கு; இன்னும் பை கட்டவில்லை, கையும் நிதானத்தில் இல்லை. அதனால் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். இன்கா பாதைக்குக் கடைசி நேர இடம் கிடைத்திருக்கிறது என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதி பெற்றுத் தரும் உரிமை உள்ள நிறுவனங்களின் பட்டியலை அமைச்சகம் வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேசுங்கள். உங்கள் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் அச்சிட்ட அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ரசீதில் பதினோரு இலக்க வரி எண் இருக்க வேண்டும். ரூக் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். கூடுதல் கட்டணம் ஆனாலும் அட்டையில் கட்டுங்கள். புகார்ப் புத்தகம் எங்கே என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுப் பாருங்கள். நான் பணம் போன பிறகுதான் கேட்டேன்.