பேண்ட்கேம்ப்பில் புது இசைக்குழுக்களைத் தேடிப் பிடிப்பது: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஸ்பாட்டிஃபை ஆப்பில் புதுப் பாட்டுகளைத் தொகுத்துத் தரும் ரிலீஸ் ரேடார் பட்டியல் வெள்ளிக்கிழமைதோறும் புதுப்பிக்கப்படும். அதில் அதிகபட்சம் 30 பாட்டு. நாற்பது ஐம்பது பேரைப் பின்தொடரும்வரை இந்தக் கணக்கு உறைக்காது. முந்நூறைத் தாண்டியதும் பட்டியல் வழியத் தொடங்கும். நம் கேட்கும் பழக்கத்தை வைத்துத் தயாராகும் பட்டியல் என்பதால், இரண்டே முறை கேட்டுவிட்டு விட்ட சின்னக் குழுவின் முதல் ஈபி (ஆல்பத்தைவிடச் சின்னத் தொகுப்பு) அதில் இடம்பிடிப்பது கஷ்டம்.

இதில் குழுக்கள் பக்கமும் கொஞ்சம் தப்பு இருக்கிறது. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே கலைஞர்களுக்கான தளத்தில் பாட்டைச் சமர்ப்பித்தால்தான் பின்தொடர்பவர்களின் ரேடாரில் அந்தப் பாட்டு வருவது உறுதி. மேனேஜரும் லேபிளும் (பாட்டை வெளியிடும் நிறுவனம்) இல்லாத குழு புதன்கிழமை மிக்ஸிங்கை முடித்து வெள்ளிக்கிழமை வெளியிடும். 7 நாளுக்கு எங்கே போவது? ரேடாரை விட, நாம் பின்தொடரும் குழுக்களின் வெளியீடுகளைக் காட்டும் ‘வாட்ஸ் நியூ’ மணிச் சின்னம் எவ்வளவோ தேவலை. பலர் அதைத் தொட்டே பார்ப்பதில்லை.

ஆனால் இந்த இரண்டுமே ஏற்கெனவே பெயர் தெரிந்த குழுக்களுக்குத்தான் உதவும். பெயரே தெரியாத குழுவைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் பேண்ட்கேம்ப்தான் முதல் இடம். குழுக்களே தங்கள் பாட்டை ஏற்றி ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும், 2008-இல் தொடங்கிய தளம். இண்டி (பெரிய நிறுவனங்களைச் சாராத) பாப், ராக் வட்டாரத்தில் பாதிப் பேர் முதலில் பாட்டை ஏற்றுவது அங்கேதான். தளம் கைமாறிய கதையும் உண்டு: 2022-இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் வாங்கியது, 2023-இல் இசை உரிமம் விற்கும் சாங்ட்ரேடருக்கு விற்றது, கையோடு ஏறக்குறைய பாதி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அடிப்படை வசதிகள் அப்படியேதான் இருக்கின்றன.

கணக்கு தொடங்கியதும் எல்லாரும் செய்வது, பிடித்த குழுக்களைப் பின்தொடர்வது. முதலில் பின்தொடர வேண்டியது லேபிள்களை. ஒரு குழு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு ஆல்பம் போடும். நல்ல லேபிள் வருடம் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கும், ருசியும் பெரிதாக மாறாது. கிட்டாரை மினுமினுவென்று வாசிக்கும் ஜாங்கிள் பாப் பிடிக்குமென்றால் ஸ்லம்பர்லேண்ட் ரெக்கார்ட்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். 1989-இல் வாஷிங்டன் பக்கம் தொடங்கி, பிறகு கலிபோர்னியாவின் ஓக்லாந்து வட்டாரத்துக்கு இடம்பெயர்ந்த லேபிள். சான் பிரான்சிஸ்கோவின் தி அம்ப்ரெல்லாஸ் போன்ற குழுக்கள் அதன் வழியாகத்தான் வெளியூர்க்காரர் காதுக்கு வந்தன. நியூசிலாந்துப் பக்கம் போவதென்றால் 1981-இல் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கிய ஃப்ளையிங் நன், ஸ்பெயின் என்றால் மாட்ரிட்டின் எலெஃபாண்ட். மொத்தம் 15 முதல் 20 லேபிள் போதும். அதற்கு மேல் போனால் மறுபடியும் பெட்டி நிரம்பி வழியும், எதையும் கேட்க மாட்டீர்கள்.

அடுத்தது வாங்கியவர்களின் அலமாரி. இதுதான் இந்தத் தளத்தின் உண்மையான பலம், கணினிப் பரிந்துரை எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. ஆல்பம் பக்கத்தில் அட்டைப்படத்தையொட்டி, காசு கொடுத்து வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். சிலர் பிடித்த பாட்டைக் குறிப்பிட்டு இரண்டு வரியும் எழுதியிருப்பார்கள். ஒரு படத்தைத் தட்டினால் அவர் வாங்கிய அத்தனையும் புதியது மேலே இருக்கும்படி விரியும். இங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐயாயிரம் ஆல்பம் வைத்திருப்பவரைப் பின்தொடராதீர்கள். அவர் எல்லாவற்றையும் வாங்குவார், அவருடைய தேர்வு உங்களுக்கு எதையும் சொல்லாது. இருநூறிலிருந்து அறுநூறு வரை வைத்திருப்பவர் போதும், அதில் உங்களுக்குப் பிடித்த, அதிகம் பேருக்குத் தெரியாத ஆல்பங்கள் குறைந்தது நான்காவது இருக்க வேண்டும். நான்கு பிரபல ஆல்பங்கள் பொருந்துவது கணக்கில் சேராது. அப்படிப்பட்ட பத்துப் பேரைப் பின்தொடர்ந்தால், அவர்கள் வாங்க வாங்க உங்கள் ஃபீடில் வந்து விழும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் மூன்று பேர் வேறு ருசிக்கு நகர்ந்திருப்பார்கள். தயவுதாட்சண்யம் பார்க்காமல் நீக்கிவிட வேண்டியதுதான்.

இசை வகையையும் ஊரையும் குறிக்கும் டேக் வழியாகத் தேடுவதில் ஏமாற்றம் அதிகம். டேக்குகளை ஒட்டுவது குழுக்களேதான், சரிபார்க்க ஆள் கிடையாது. ‘இண்டி’, ‘ஆல்டர்நேட்டிவ்’ இரண்டும் சந்தைக் கூச்சல். ‘ட்வீ’, ‘ஷூகேஸ்’, ‘ஸ்லாக்கர் ராக்’ என்று உட்பிரிவுகளாகக் குறுக்கினால் கொஞ்சம் தேறும். குறுகிய டேக்கோடு ஊரையும் சேர்த்து, வரிசையைப் புதுவரவுக்கு மாற்றினால்தான் பலன். மெல்பர்னும் கிளாஸ்கோவும் இந்த முறையில் வற்றாத ஊற்று. சென்னை என்று போட்டுப் பாருங்கள், சினிமாவுக்கு வெளியே என்னதான் நடக்கிறது என்று தெரியும். (தமிழில் குறித்து வைத்துத் தேடுபவர்களுக்கு: தி பெத்ஸ் குழுவின் ஊர் நியூசிலாந்தின் ஆக்லாந்து, கலிபோர்னியாவின் ஓக்லாந்து அல்ல. ஒரு எழுத்து மாறினால் பசிபிக்கைத் தாண்டிவிடுவோம்.)

பணம் விஷயத்துக்கு வருவோம். டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீதம், டி-சர்ட், வினைல், கேசட் போன்ற பொருள்களுக்கு 10. 2020 மார்ச்சில் கொரோனாக் காலத்தில் தொடங்கிய பேண்ட்கேம்ப் ஃப்ரைடே அன்று இந்தப் பங்கை வாங்குவதில்லை. பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிதான், ஆனால் எல்லா மாதமும் கிடையாது. தேதிகளை முன்பே அறிவித்துவிடுகிறார்கள். நாள் கணக்கு பசிபிக் நேரப்படி. அமெரிக்கக் கோடையில் நம் மதியம் 12:30-க்குத் தொடங்கும், குளிர்காலத்தில் 1:30-க்கு. வெள்ளி காலையிலேயே வாங்கிவிட்டு ‘முழுக் காசும் குழுவுக்குத்தான்’ என்று திருப்திப்பட்டால், அங்கே இன்னும் வியாழக்கிழமை. மாதம் முழுக்க விஷ்லிஸ்டில் சேர்த்து வைத்து, அன்று மதியத்துக்கு மேல் மொத்தமாக வாங்குவதே சரி. அன்றைக்கென்றே வெளியிடும் குழுக்கள் ஏராளம் என்பதால் மெயில் வெள்ளமாக வரும். அந்த மெயில்களுக்கு ஃபில்டர் போட்டுத் தனி ஃபோல்டரில் விழச் செய்துவிடுங்கள்.

இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வரம்பை இரண்டாயிரம் ரூபாய்போல வைத்துக்கொண்டால் பயமில்லை. அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரும் என்பதால் 7 டாலர் ஆல்பம் கணக்குப் போட்டதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும். ‘விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்று போட்டிருப்பதில் குறைந்தபட்சம் பூஜ்யமாக இருந்தால் இலவசமாகவே எடுக்கலாம். மெயில் முகவரி கேட்டால், குழுவின் அறிவிப்புப் பட்டியலில் சேர்கிறீர்கள் என்று அர்த்தம்.

வாங்கியதை ஆப்பில் மட்டும் விட்டுவைக்க வேண்டாம், அன்றே இறக்கிக்கொள்ளுங்கள். குழு உடைந்து பக்கமே மறைந்துபோவது இந்த வட்டாரத்தில் சகஜம். 40 நிமிட ஆல்பம் ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்தில் சுமார் 250 எம்பி, 320 கேபிபிஎஸ் எம்பி3-இல் 95 எம்பி சொச்சம். வாங்காமல் தளத்தில் கேட்பது 128 கேபிபிஎஸ் தரத்தில்தான் ஓடும். சிம்பலோசை கரகரப்பாக இருக்கிறது என்று ரெக்கார்டிங்கைக் குறை சொல்லுமுன் இதை நினைவில் வைக்கவும்.

முன்பதிவு செய்தால் ஒன்றிரண்டு பாட்டு உடனே கிடைக்கும், மிச்சம் வெளியீட்டு நாளில். ஆனால் ஆல்பத்துக்கு முன் நாலு சிங்கிள் (தனிப் பாட்டு) விடும் பழக்கம் எல்லாரிடமும் தொற்றிக்கொண்டது. ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு புது சிங்கிளுக்குக் கீழேயும் பழைய சிங்கிள்களைச் சேர்த்தே ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள ஐஎஸ்ஆர்சி குறியீடு அதேதான் என்பதால் கேட்ட எண்ணிக்கை தொடரும், அவர்களுக்கு லாபம். நமக்கோ ஒரே பாட்டு மூன்று முறை ‘புது வெளியீடு’ என்று வந்து நிற்கும். பத்துப் பாட்டு ஆல்பத்தில் நாலைந்து வெளியீட்டு நாளுக்குள் பழசாகிவிடும். முதல் சிங்கிளோடு நிறுத்திக்கொண்டு ஆல்பத்துக்குக் காத்திருப்பது என் பரிந்துரை.

ஒரே பெயரில் இரண்டு குழு இருப்பது இன்னொரு தலைவலி. விநியோக நிறுவனம் தவறான கலைஞர் பக்கத்தில் ஏற்றிவிட்டால், கனவுபோல மிதக்கும் பாப் குழுவின் பக்கத்தில் திடீரென்று டிரம்ஸை உடைக்கும் மெட்டல் பாட்டு நிற்கும். மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் தனி அடையாள எண்ணும், பெயர் ஒன்றாக இருந்தால் பிரித்துக் காட்டும் சிறு குறிப்பும் உண்டு. அதன் தரவை வைத்து இயங்கும் லிஸன்பிரெய்ன்ஸில், நீங்கள் கேட்ட கலைஞர்களின் புது வெளியீடுகளை மட்டும் தேதிவாரியாகக் காட்டும் பக்கம் இருக்கிறது, இலவசம். தன்னார்வலர்கள் உள்ளிடும் தரவு என்பதால் லேபிள் இல்லாத குழுக்கள் விடுபடும். உங்கள் குழு இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம், பத்து நிமிட வேலை.

வானொலியை ஒதுக்க வேண்டாம். சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி, மெல்பர்னின் த்ரீ ஆர்ஆர்ஆர் இரண்டும் பெரும்பாலும் நேயர்கள் தரும் பணத்தில் ஓடுபவை. இணையத்தில் கேட்கும்போதே பிளேலிஸ்டும் கண்முன் ஓடும். பிடித்த பெயரைக் குறித்துக்கொண்டு பேண்ட்கேம்ப்பில் தேடி, குழுவை விட்டுவிட்டு லேபிளைப் பின்தொடருங்கள். விஷ்லிஸ்ட் மட்டும் எழுபது எண்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவும். மூன்று பேண்ட்கேம்ப் ஃப்ரைடே போயும் வாங்கத் தோன்றாத ஆல்பத்தை எடுத்துவிடலாம். வாங்கியவர்களின் அலமாரியில் அது அங்கேயேதான் இருக்கும்.