வீட்டுக் காணொளிகளைச் சேமிக்க எச்.264-ஆ, எச்இவிசியா?

வீட்டு விசேஷங்களின் காணொளிகளை ஒரே ஹார்டு டிஸ்கில் தொகுத்து, கேட்கும் உறவினர்களுக்கெல்லாம் பென் டிரைவில் பிரதி எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எம்பி4 கோப்பு, அதனுள் எச்.264 முறையில் சுருக்கிய படம், ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி என்று முடிவு செய்தேன்.

எம்பி4-ஆ, எம்கேவியா என்ற விவாதத்தில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. இரண்டும் படத்தையும் ஒலியையும் ஒரே கோப்பில் வைத்திருக்கும் வெறும் உறைகளே. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ஒரே கட்டளையில், படத்தை மறுபடி சுருக்காமல், தரம் சிறிதும் குறையாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடலாம். திரைப் பதிவுக்கு மட்டும் எம்கேவியே மேல். பதிவின் நடுவே மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும், ஆனால் எம்பி4-இல் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படுவதால் கோப்பே திறக்காமல் போகலாம்.

கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி விரிக்கும் முறை, அப்படியன்று. ஒருமுறை சுருக்கிய படத்தை இன்னொரு கோடெக்குக்கு மாற்றினால் நேரமும் செலவாகும், தரமும் குறையும். 2013-இல் வந்த எச்இவிசி கோடெக், 2003-இல் வந்த எச்.264-ஐவிட ஏறக்குறைய பாதி அளவில் அதே தரத்தைத் தரும் என்பது உண்மைதான். ஆனால், காப்புரிமை உரிமங்கள் ஒரே இடத்தில் கிடைக்காமல் பல குழுமங்களிடம் சிதறிக் கிடந்ததால், மென்பொருள் நிறுவனங்கள் எச்இவிசியை ஏற்கத் தயங்கின. விண்டோஸில் அதற்கான நீட்சி தனியாக விலைக்கு விற்கப்படுகிறது. குரோம் உலாவி 2022-இல்தான் ஏற்றது, அதுவும் கணினியின் வன்பொருளோ இயங்குதளமோ கைகொடுத்தால் மட்டுமே. பழைய டிவியில் எச்இவிசி கோப்பைப் போட்டால் நாதஸ்வரம் கணீரென்று கேட்கும், திரை மட்டும் கருப்பாகவே இருக்கும். அந்த வீட்டுப் பெரியவரிடம் கோடெக் பற்றி விளக்கிப் பயனில்லை. இடம் மிச்சமாவதைவிட, வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் கேள்வி கேட்காமல் ஓடுவதே எனக்கு முக்கியம்; அந்த ஒரு காரணத்துக்காகவே எச்.264.

“விஎல்சியில் ஓடுகிறதே” என்பார்கள். விஎல்சி என்ற காணொளி ஓட்டும் மென்பொருள் தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னுடனேயே கொண்டுவருவதால் ஏறத்தாழ எதையும் திறந்துவிடும்; ஆகவே அதில் ஓடுவது டிவியில் ஓடும் என்பதற்குச் சான்றாகாது. வன்பொருள் துணையில்லாத பழைய மடிக்கணினியில் 4கே எச்இவிசி விஎல்சியிலும் திக்கித் திக்கியே ஓடும்.

ஏவி1 என்ற இன்னொரு கோடெக் உரிமக் கட்டணமில்லாதது, 2018-இல் வந்தது. யூடியூபில் பார்த்ததைத் தாண்டி அதில் எனக்கு அனுபவமில்லை என்பதால், சேமிப்புக்கு அதைப் பரிந்துரைக்கத் துணியமாட்டேன்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தால் எச்.264-இலேயே பதிவாகும். ஏற்கெனவே எச்இவிசியில் எடுத்தவற்றின் மூலக்கோப்பை அழிக்காமல், கொடுப்பதற்கு மட்டும் எச்.264 பிரதி எடுத்துக்கொள்வது நல்லது. 4கே படத்தை நொடிக்கு 60 ஃப்ரேம் வேகத்தில் எடுக்க விரும்பினால் அந்தப் போன் எச்இவிசியில்தான் பதியும் என்பதால், அங்கே இந்தத் தேர்வுக்கு இடமில்லை.