வீட்டு விசேஷத்துக்கு வெஜ் பப்ஸ்: நாமே மடிப்பதா, பாக்கெட்டா, பேக்கரியா?

நம் ஊர் பேக்கரியில் ஒன்றே ஒன்று வாங்கினாலும் அது 'பப்ஸ்'தான். "ஒரு வெஜ் பப்ஸ், ஒரு டீ" என்று நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வருகிறவரை அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்கு இருபது பேர் வருகிறார்கள், காபியோடு கொடுக்க வேண்டும் என்றால்தான் தலைவலி. மாவை நாமே மடிப்பதா, மடித்து உறையவைத்துப் பாக்கெட்டில் விற்கிற மாவுத் தகடு, அதாவது ஃப்ரோசன் ஷீட் வாங்குவதா, பேக்கரியில் சொல்லிவிடுவதா? பிறந்தநாள், கொலு, வளைகாப்பு என்று மூன்று வழியையும் செய்து பார்த்துவிட்டேன்.

சொந்தமாக மடிப்பதில்தான் எனக்கு ஆசை, அதையே முதலில் சொல்கிறேன். கால் கிலோ மைதா, 25 கிராம் வெண்ணெய், ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, சுமார் 125 மில்லி ஐஸ் தண்ணீர். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் மாவில் உப்பு ஒரு சிட்டிகை போதும். பிசைந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, 175 கிராம் வெண்ணெயைச் சதுரமாகத் தட்டி, மாவுக்குள் வைத்துக் கடித உறை மாதிரி மூட வேண்டும். அப்புறம் நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிப்பு. முதல் மடிப்பில் 3 அடுக்கு, அடுத்ததில் 9, ஆறாவதில் 729. இரண்டு மடிப்புக்கு ஒரு தடவை மறுபடி ஃபிரிட்ஜ். கை வேலை ஒரு மணி நேரம்தான்; காத்திருப்பதில்தான் அரை நாள் போகிறது. கிடைப்பது பேக்கரி அளவில் 12, ஒரு கடிக்கு அடங்குகிற அளவில் 30.

வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரும் மாவின் ஈரமும் ஆவியாகிக் கிளம்பும்போதுதான் அடுக்கு அடுக்காக மேலே எழும்புகிறது. அதற்கு, மடித்து முடிக்கும்வரை வெண்ணெய் தனித் தகடாக உள்ளே இருக்க வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினாலே அது குழைய ஆரம்பிக்கிறது; 35-க்குள் உருகியே விடுகிறது. சென்னை சமையலறையில் மே மாதம் எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மே மாதப் பிறந்தநாளுக்கு மடித்தபோது நாலாவது மடிப்பிலேயே வெண்ணெய் ஓரமாக எட்டிப் பார்த்தது. மைதாவைத் தூவி மறைத்தேன். ஓவனில் வைத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ட்ரே முழுக்க நெய்க்குளம். நடுவில் பப்ஸ் பொரிந்துகொண்டிருந்தது. ருசிக்குக் குறைவில்லை, ஆனால் கனமான பிஸ்கட். "இதுக்குப் பேசாம போண்டாவே போட்டிருக்கலாம்" என்றார் அத்தை. நியாயம்தான்.

மார்கழியில், இல்லை ஏசி அறையில் மேஜை போட்டு, இதையே செய்தால் கதை வேறு. வெண்ணெய் மணத்துக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் வராது. ஆனாலும் நாலு பேருக்கு என்றால்தான் நான் இறங்குவேன். சில்லென்ற வெண்ணெயைத் துண்டு துண்டாக மைதாவில் உதிர்த்துப் போட்டு நாலே மடிப்பில் முடிக்கும் சுருக்கு வழியும் உண்டு. அடுக்கு கொஞ்சம் கோணல்மாணலாக வரும், வந்தவர்கள் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஃப்ரோசன் ஷீட்டில் பெரும்பாலும் வெண்ணெய் இருக்காது, தாவரக் கொழுப்பு அல்லது மார்ஜரின்தான். லேபிளைப் பார்த்து வாங்குங்கள், பச்சைப் புள்ளியும் இருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ் ஃபேட், அதாவது இதயத்துக்கு ஆகாத கொழுப்பு, அந்தப் பயம் பலருக்கு உண்டு. நம் நாட்டில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் அதற்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு. மணம் குறைவு என்பது நிஜம். ஆனால் உயரமும் மொறுமொறுப்பும் ஒரே மாதிரி வரும், இருபது பேருக்குச் செய்கிறவருக்கு வேண்டியது அதுதான். முதல் நாள் ராத்திரி ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு இறக்கிவிட வேண்டும். பிரிக்கும்போது விரிசல் விட்டால் இன்னும் இளகவில்லை. கையில் ஒட்டினால் தாமதமாகிவிட்டது, மறுபடி கால் மணி நேரம் ஃபிரிட்ஜ்.

பேக்கரியில் நாற்பது பேருக்குச் சொல்லிவிடலாம், எங்கள் பக்கத்தில் ஒன்று 20, 25 ரூபாய். அங்கே போடுவது பெரும்பாலும் இதற்கென்றே வருகிற மார்ஜரின். வெயிலில் மடிக்கவும் தோதானது, ஏனென்றால் நம் உடல் சூடான 37 டிகிரிக்கும் மேலேதான் உருகும். ஆறிப்போன பப்ஸைக் கடித்தால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுவதும் அதனால்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பல்ப் போட்டு வைத்திருப்பது அழகுக்கு இல்லை. ஒரு வளைகாப்புக்கு நான் சொன்ன கடையில் சுடச்சுட அட்டைப் பெட்டியில் அடுக்கி, மூடி, செல்லோடேப்பும் ஒட்டி அனுப்பினார்கள். நாலு மணிக்கு வந்தது, ஐந்து மணிக்குத் திறந்தபோது ஈரத் துணி மாதிரி இருந்தது. பெட்டியைத் திறந்தே கொடுக்கச் சொல்லுங்கள். சூடுபடுத்த மைக்ரோவேவ் வேண்டாம், ஓடிஜி என்கிற சின்ன மின் ஓவனில் 180 டிகிரியில் ஐந்தாறு நிமிஷம். முட்டை சாப்பிடாதவர்கள் வருகிறார்கள் என்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: வெஜ் பப்ஸின் மேலேயும் பளபளப்புக்கு முட்டை பூசுகிறார்களா? வீட்டில் பால் பூசினாலே நிறம் வந்துவிடும். வெட்டிய ஓரங்களில் மட்டும் பூசாதீர்கள், அடுக்கு ஒட்டிக்கொண்டு எழும்பாது.

பூரணத்தில் பேக்கரிக்காரர் புத்திசாலி. உருளை, கேரட், பீன்ஸ், பட்டாணி, வதக்கின வெங்காயம், கொஞ்சம் சோம்பு, கரம் மசாலா. உருளையே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். வாணலி காய்ந்து 'சர்' சத்தம் அடங்கும்வரை வதக்கினால்தான் அடி ஊறாது. ஒரு கிண்ணம் கால் கிண்ணமாகும்போது மிளகுத்தூள் போட்டு இறக்குவேன். என் ஓட்டு அதற்குத்தான், பிள்ளைகள் பன்னீரை விட மாட்டார்கள். எதுவானாலும் முழுக்க ஆற வேண்டும். சூடாக வைத்தால் உள்ளேயே கொழுப்பு உருகிவிடும்.

இப்போது இருபது பேர் வரை என்றால் பாக்கெட் ஷீட், என் பூரணம். ஷீட் சில்லென்று இருக்கும்போதே வெட்டி, நிரப்பி, முந்தின நாளே பச்சையாக ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். என் ஓடிஜி ட்ரேயில் சின்ன அளவில் 16 பிடிக்கும். முதல் ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது 200 டிகிரியில் முதல் ட்ரே உள்ளே போகும், ஐஸ் விடக் காத்திருப்பதில்லை. அரை மணி நேரத்தில் வெளியே வரும், அடுத்தது உள்ளே போகும். பேக்கரி அதைவிட நல்ல பப்ஸே போட்டாலும் இந்தச் சூட்டில் தட்டுக்கு வராது. நாற்பது பேர் என்றால் ஓடிஜி தாங்காது, பேசாமல் பேக்கரிக்குப் போன் போடுவேன். இந்த வருஷக் கொலுவுக்கு அத்தை எடுத்தது மூன்று. போண்டா பேச்சு வரவில்லை.